அப்பாவின் கணினி கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதை

வியாழக்கிழமை காலை பத்து மணி. நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் கலையகத்தை விட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால், அப்பாவிடமிருந்து ஏழு அழைப்புகள். நான் ஒலிபரப்பில் இருக்கும் நேரத்தில் அப்பா அழைக்கவே மாட்டார். கடையில் வானொலியை ஓடவிட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். நான் எப்போது பேசுகிறேன், எப்போது பாட்டு போடுகிறேன் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"பாப்பா, கம்ப்யூட்டர் எந்திரிக்க மாட்டேங்குது. நேத்து ராத்திரி அடிச்ச இடியில போயிடுச்சு போல."

கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி அப்பாவின் சிறிய அச்சகம் இருக்கிறது. கல்யாணக் கார்டு, காதுகுத்து, கோயில் திருவிழா அறிவிப்பு, கருமக்கிரியை அழைப்பு எல்லாம் அங்கே தயாராகும். அச்சு இயந்திரத்தை விற்றுப் பல வருடமாகிறது. இப்போது அப்பா பக்கத்தை வடிவமைத்துக் கொடுப்பார், அச்சடிப்பது வேறு இடத்தில். ஆகவே கடை என்று சொன்னால் அந்த ஒரு கணினிதான் கடை. அன்று கையில் இருந்தது 500 கல்யாணக் கார்டு. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூத்த பெண்ணுக்கு அடித்த மாதிரியே இளையவளுக்கும் வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பக்கத்துக் கடைச் சீன அங்கள் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மதர்போர்ட் சூடா மாத்தி" என்று கையை விரித்தாராம். வன்தட்டும் அசையவில்லை.

எனக்கு அப்போதும் பதற்றமில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வருடா வருடம் தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அந்தக் கணினியை முழுசாக ஒரு வெளித்தட்டில் நகலெடுத்து வைப்பது என் வழக்கம். கோப்புகளை மட்டும் அல்ல. இயங்குதளம், அதில் ஏற்றிய மென்பொருள்கள், எழுத்துருக்கள், மேசைத்திரையில் எந்த மூலையில் எந்தக் கோப்பு கிடந்ததோ அது வரைக்கும் சேர்த்து எடுத்த மொத்த நகல். விண்டோஸ் 7-இலேயே இதற்கு வசதி இருந்தது. கடைசி நகலுக்கு ஐந்து மாத வயது. புதுக் கணினி வாங்குவது, நகலை அதில் இறக்குவது, மாலைக்குள் வீடு திரும்புவது. இதுதான் என் திட்டம்.

லோ யாட் பிளாசாவில் கையகலத்துக்கு ஒரு சின்னக் கணினி, 1,400 ரிங்கிட். கிள்ளானுக்கு ஓட்டிக்கொண்டு போய், இரவல் வாங்கிய டிவிடி ஓட்டியில் பழைய மீட்பு வட்டைப் போட்டுத் தொடக்கினால் திரையில் ஒன்றுமே வரவில்லை. பிழைச் செய்திகூட இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. பழைய கணினிகள் பயாஸ் என்ற முறையில் கண் விழிக்கும். இப்போது வருபவை யூஇஎஃப்ஐ என்ற முறையில். நடுவில் சில ஆண்டுகள் இரண்டையும் தெரிந்துவைத்திருந்த கணினிகள் வந்தன. பிறகு பழைய முறையைக் கைவிடப்போவதாக இண்டெல் 2017-இல் அறிவித்தது. நான் வாங்கியதில் அது இல்லவே இல்லை. அப்பாவிடம் இருந்ததோ விண்டோஸ் 7-இன் 32 பிட் பதிப்பு. அதற்கு யூஇஎஃப்ஐ முறையில் எழுந்திருக்கத் தெரியாது. அப்படியே எழுந்திருந்தாலும், புதுக் கணினிகளில் இருக்கும் என்விஎம்இ வகைத் தட்டும் யூஎஸ்பி 3 துளைகளும் விண்டோஸ் 7 பிறந்த 2009-இல் வழக்கத்தில் இல்லாதவை. தட்டைக் கண்டால் அதற்கு அடையாளம் தெரியாது, சுட்டியும் விசைப்பலகையும் செருகினால் அசையாது.

சரி, கோப்புகளையாவது எடுப்போம் என்று பார்த்தேன். இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு, உங்களுக்கும் உதவலாம். விண்டோஸ் எடுக்கும் அந்த மொத்த நகல், விஎச்டி என்ற வகைக் கோப்பாகத்தான் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வட்டு மேலாண்மைப் பகுதிக்குப் போய் அதை 'இணை' என்றால் போதும், இன்னொரு தட்டு போலத் திறந்துகொள்ளும். 'படிக்க மட்டும்' என்பதைக் குறித்துவிட்டுத் திறக்க வேண்டும், இல்லையென்றால் நகலே மாறிவிடக்கூடும். திறந்தேன். பதினொரு வருடக் கார்டுகளும் வரிசையாக இருந்தன. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. மூத்த பெண்ணின் கார்டு இருந்த கோப்பைத் திறக்கச் சொன்னார்.

எதில் திறப்பது? அது பேஜ்மேக்கர் கோப்பு. 2001-இல் வந்த 7.0 பதிப்போடு அந்த மென்பொருளின் கதை முடிந்துவிட்டது. அப்பாவிடம் இருந்த நிறுவல் வட்டு எங்கே என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியாத பொருள் அந்த வீட்டில் இல்லை என்று அர்த்தம். அவர் வேறொரு மென்பொருளில் தட்டி வைத்திருந்த உரைக் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த கூழ்.

இளைய வாசகர்களுக்கு இது விளங்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்று நாம் புலனத்தில் அனுப்பும் தமிழ், யூனிகோட் தமிழ். எந்தக் கருவியில் திறந்தாலும் அம்மா அம்மாதான். யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸுக்குள் அது வந்தது விண்டோஸ் 2000-இல்தான். அதற்கு முன்னும், அச்சகங்களில் அதற்குப் பின்னும் வெகுகாலம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துருக்கள்தான் ஓடின. பாமினி எழுத்துருவில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாகத் தட்டினால் திரையில் 'அம்மா' வரும். எழுத்துருவை எடுத்துவிட்டால் திரும்பவும் எம், கே, அரைப்புள்ளிதான். ஒவ்வொரு நிறுவனமும் ஆளுக்கொரு வரிசையை வேறு வைத்திருந்தது.

இதைச் சீராக்க நம்மவர்கள் பட்ட பாடு சாதாரணமில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் 1997-இல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டில் பிறந்ததுதான் தமிழ்நெட் 99 விசைப்பலகை. ஆனால் பேஜ்மேக்கருக்குக் கடைசிவரை யூனிகோட் தெரியாது. அதனால் அப்பாவைப் போன்ற அச்சகக்காரர்கள் தங்கள் பழைய எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டார்கள். பழைய உரையை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இருக்கின்றன, உண்மைதான். அவை எழுத்துகளை மாற்றும். இரண்டு பத்தி, நடுவில் பிள்ளையார், ஓரத்தில் மாவிலை என்று அப்பா மில்லிமீட்டர் கணக்கில் அடுக்கிய பக்கத்தை மாற்றாது.

இதற்கு மேல் இன்னொரு முடிச்சு. அப்பா பழைய தட்டச்சு முறையில்தான் தட்டுவார். அதற்கான மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. தீப்பெட்டி அளவில், கணினியின் பின்புறம் பேரலல் போர்ட் என்ற 25 ஊசித் துளையில் செருக வேண்டும். அது இல்லாமல் மென்பொருள் ஓடாது. நான் வாங்கிய 1,400 ரிங்கிட் கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒரு துளை அதில் எங்கே இருக்கப்போகிறது?

"கோப்பெல்லாம் இருக்குப்பா," என்றேன்.

"கோப்பை வச்சு நான் என்ன பண்ண? என் மேசை வேணும் பாப்பா." கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல விடு. அந்த அம்மாவுக்கு முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடுறேன். எனக்கும் அறுபத்தெட்டு ஆச்சு. கடையை மூடிடலாம்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அமைதியாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில் நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. முடிந்ததும் எங்கள் நிலையத்தின் தொழில்நுட்பப் பொறியாளரிடம் போய் உட்கார்ந்தேன். ஒலிபரப்பு ஐந்து விநாடி மௌனமானாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் ஒவ்வொரு முக்கியக் கணினிக்கும் அச்சாக அதே மாதிரி இன்னொன்று வாங்கி வைத்திருப்பார். கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வருஷா வருஷம் நகல் எடுத்தீங்க, சரி. ஒரு தடவையாவது வேற கணினியில இறக்கிப் பார்த்தீங்களா?"

இல்லை.

"அப்படின்னா உங்ககிட்ட இருந்தது நம்பிக்கைதான்," என்று சிரித்தார். பிறகு அவர்தான் வழி சொன்னார். விக்கிரமாதித்தன் கதையில் கூடு விட்டுக் கூடு பாய்வார்கள் இல்லையா, அது மாதிரிதான் இதுவும். உயிருக்குப் பொருந்துகிற உடம்பாகத் தேட வேண்டும் என்றார். புதுக் கணினி வேண்டாம். ஏறக்குறைய அதே காலத்து அலுவலகக் கணினியைப் பாருங்கள். பழைய பயாஸ் இருக்க வேண்டும், சாட்டா வகைத் தட்டு இருக்க வேண்டும், பின்புறம் பேரலல் போர்ட் இருக்க வேண்டும். முடிந்தால் உறையில் விண்டோஸ் 7 புரொஃபஷனல் ஒட்டுவில்லை இருக்க வேண்டும். எதையும் தொடுவதற்கு முன் அந்த வெளித்தட்டையே இன்னொரு தட்டில் நகலெடுத்துவிடுங்கள். கையில் ஒரே நகல் இருக்கும்போது சோதனை செய்யக் கூடாது.

சனிக்கிழமை பெட்டாலிங் ஜெயாவில், அலுவலகங்கள் கழித்த கணினிகளைச் சரிசெய்து விற்கும் கடையில் அது கிடைத்தது. 2012 வாக்கில் வந்த மேசைக் கணினி. 280 ரிங்கிட். பின்புறத்தைப் பார்த்து 25 துளைகளையும் எண்ணிய பிறகுதான் பணத்தை எடுத்தேன். பழைய தட்டு 500 ஜிபி என்பதால் 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கினேன். உள்ளே இருந்தது 90 ஜிபி கூட இல்லை, தாராளமாக இடம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

இடம் இருந்து பயனில்லை. விண்டோஸின் மீட்புக் கருவி, பழைய தட்டின் மொத்த அளவுக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருந்தால்தான் நகலை இறக்கும். எவ்வளவு நிரம்பியிருந்தது என்று பார்க்காது. இருபது ஜிபி குறைந்ததற்காக மறுபடியும் கடைக்கு ஓடினேன். இந்த முறை 1 டிபி. (அந்த 480 இப்போது என் மடிக்கணினியில் இருக்கிறது, வீணாகவில்லை.)

மாலை ஆறு மணிக்கு நகல் இறங்கி முடிந்தது. கணினி எழுந்தது, விண்டோஸ் சின்னம் ஒளிர்ந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த விநாடி நீலத் திரை. எழுத்துகள் மின்னி மறைந்து, கணினி தானாக மறுபடி தொடங்கி, மறுபடி நீலம். கைப்பேசியில் படம் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். கடைசியில் 7பி என்று முடியும் ஒரு குறியீடு.

பொறியாளருக்கு அழைத்தேன். "7பி-யா? நல்லது," என்றார். விண்டோஸ் பாதி எழுந்துவிட்டது, தான் குடியிருக்கும் தட்டைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்றார். புது வீட்டுக்குக் குடிபோன முதல் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுந்து, பழைய வீட்டில் விளக்குச் சுவிட்ச் இருந்த இடத்தில் சுவரைத் தடவுகிறோமே, அந்த நிலைமை. தட்டோடு பேசுவதற்கு ஐடிஇ என்றும் ஏஎச்சிஐ என்றும் இரண்டு முறைகள் இருக்கின்றன. விண்டோஸ் 7 தன்னை நிறுவும்போது எந்த முறை இருந்ததோ அதற்கான இயக்கியை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு மற்றதைத் தூங்க வைத்துவிடும். அப்பாவின் பழைய கணினி ஐடிஇ. வாங்கி வந்தது ஏஎச்சிஐ-இல் அமைக்கப்பட்டிருந்தது.

பயாஸுக்குள் போய் ஒரு வரியை மாற்றினேன். ஏஎச்சிஐ இருந்த இடத்தில் ஐடிஇ. சேமித்து வெளியே வந்தேன்.

ஒரு நிமிடம் போல ஆனது. பிறகு அப்பாவின் மேசைத்திரை வந்தது. பத்துமலை முருகன், வலது ஓரத்தில் 'அவசரம்' என்று பெயரிட்ட கோப்புறை, எல்லாம் இருந்தன. 800-க்கு 600 அளவில் ஊதிப் பெருத்துப்போய் இருந்தன, ஆனாலும் இருந்தன. புதிய பாகங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, இரண்டு முறை தானே அணைந்து எழுந்தது. திரைக்கும் ஒலிக்குமான இயக்கிகளை என் மடிக்கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிறகு, விண்டோஸ் பதிவேட்டில் ஏஎச்சிஐ இயக்கிக்கு எதிரே 3 என்று இருந்த தொடக்க எண்ணை 0 ஆக்கிவிட்டு, பயாஸிலும் ஏஎச்சிஐ-க்கே திரும்பினேன். எஸ்எஸ்டிக்கு அதுதான் நல்லது. 0 என்றால் தொடங்கும்போதே எழுப்பு, 3 என்றால் யாராவது கேட்டால் மட்டும் எழுப்பு. அந்த நீலத் திரைக்குப் பின்னால் இருந்தது இந்த ஒற்றை எண்தான்.

அப்போது மூலையில் ஓர் அறிவிப்பு: இந்த விண்டோஸ் அசல் இல்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "திருட்டுன்னு சொல்லுதா? நான் காசு குடுத்து வாங்கினது!" கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டோடு முடிந்துவிடும், தனியாகப் பெட்டியில் வாங்கிய உரிமம்தான் நம்மோடு இடம் மாறும். ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது இதற்குத்தான். வாங்கி வந்த கணினியின் உறையில் இருந்த 25 எழுத்து எண்ணைத் தட்டினேன். ஏற்றுக்கொண்டது. இரண்டும் புரொஃபஷனல் பதிப்பாக இருந்தது எங்கள் நல்ல காலம்.

பூட்டைச் செருகி, பேஜ்மேக்கரைத் திறந்து, மூத்த பெண்ணின் கார்டைத் திறந்தார் அப்பா. மேலே பிள்ளையார் சுழி, இரண்டு பக்கமும் மாவிலை. ஒன்றும் பேசவில்லை. பெயர்களை மாற்றத் தொடங்கிவிட்டார். அந்தத் தட்டும் சத்தம் என் சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்ட சத்தம்.

இதைப் படித்துவிட்டு நீங்களும் பழைய கணினியை அப்படியே புதியதில் இறக்கக் கிளம்ப வேண்டாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் புதிது வாங்குபவர்கள் நிறைய. அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வித்தை தேவையே இல்லை. படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்துக்கொண்டு, மென்பொருள்களைப் புதிதாக நிறுவிக்கொள்வதே சுத்தமான வழி. பழைய இயங்குதளத்தைக் கொண்டுபோனால் அதன் குப்பையும் கூடவே வரும். மறுபடி நிறுவ முடியாத மென்பொருள் ஒன்று உங்கள் பிழைப்போடு ஒட்டியிருந்தால்தான் நாங்கள் பட்ட பாடு நியாயம். விண்டோஸ் 10-உம் 11-உம் இடமாற்றத்தை 7-ஐவிட நன்றாகவே தாங்கும். ஆனால் ஒன்றை இப்போதே பார்த்து வையுங்கள். பல புதுக் கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு, நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். வேறு கணினியில் அந்தத் தட்டைச் செருகினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கணினிப் பைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள்.

அப்பாவின் கணினிக்கு இப்போது இணையம் கிடையாது. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன, அதை வெளியே விடக் கூடாது. பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி யூஎஸ்பியில் எடுத்து, அந்த 1,400 ரிங்கிட் கணினியிலிருந்து அச்சகத்துக்கு அனுப்புகிறார். இந்தத் தடவை சோதித்தும் பார்த்தேன். டிஸ்க்டுவிஎச்டி என்ற மைக்ரோசாஃப்ட்டின் இலவசக் கருவியால் முழுக் கணினியையும் ஒரு கோப்பாக்கி, என் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் எழுப்பினேன். கணினிக்குள் கணினியாக அப்பாவின் மேசை திறந்தது. கார்டுகள் தெரிகின்றன, பிடிஎஃப் எடுக்க முடிகிறது. தட்டத்தான் முடியவில்லை, பூட்டைச் செருக என் மடிக்கணினியில் துளை இல்லை. அப்பாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் பழைய கார்டு பத்தைத் திறந்து பிடிஎஃப் ஆக்கி வைக்கிறார். இப்போது 2016-இல் இருக்கிறார்.

திங்கட்கிழமை மதியம் கார்டு அச்சுக்குப் போனது. அன்று மாலை கடைக்குப் போனபோது, இறந்துபோன கணினியின் உறையை அம்மா துடைத்துக்கொண்டிருந்தார். பதினொரு ஆயுத பூஜைகளின் சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்துபோய் இருந்தன. பிறகு குங்குமச் சிமிழை எடுத்து, மேசைக்குக் கீழே இருந்த 280 ரிங்கிட் கணினிக்கு ஒரு பொட்டு வைத்தார். காற்றுப் போகும் துளையின் மேலேயே வைத்துவிட்டார். அடுத்த தடவை போகும்போது கொஞ்சம் துடைத்துவிட வேண்டும்.